டயல்-அப் மோடத்தின் நிஜ வேகத்தை அளப்பது எப்படி?

ஒரு பழைய விண்டோஸ் 98 பெட்டியை உயிர்ப்பிக்கும் ஆசையில், போன மாதம் வீட்டுக்குள்ளேயே இரண்டு மோடங்களைப் பேச வைத்தேன். திரையில் 'கனெக்ட் 115200' என்று வந்ததும் துள்ளிக் குதித்தேன். அடுத்த ஒரு வாரம் மண்டை காய்ந்தது. நீங்களும் காய வேண்டாமே என்றுதான் இந்தப் பதிவு.

தேவையானவை: எக்ஸ்டர்னல் மோடம் இரண்டு, லினக்ஸ் கம்ப்யூட்டர், இரண்டு போன் போர்ட் உள்ள ஏடிஏ பெட்டி (சாதா போனை இன்டர்நெட் வழியே பேச வைக்கும் அடாப்டர்). லேண்ட்லைன் இரண்டு இருந்தால் பெட்டி வேண்டாம்தான், ஆனால் இன்று யார் வீட்டில் இருக்கிறது? பழைய லேப்டாப்புக்குள் இருக்கும் வின்மோடம் வேண்டவே வேண்டாம். தன் வேலையில் பாதியை பிராசஸர் தலையில் கட்டிவிட்டு, லினக்ஸில் டிரைவருக்கு நம்மை அலையவிடும்.

முதலில் ஏடிஏவின் இரண்டு போர்ட்டிலும் சாதா போனை மாட்டி, ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மணி அடிக்கிறதா என்று பாருங்கள். அடித்தால் மோடங்களை மாட்டலாம்.

மோடத்துக்குக் கட்டளை தட்ட ஒரு டெர்மினல் புரோகிராம் வேண்டும், என் ஓட்டு மினிகாமுக்கு. அதில் போர்ட் வேகம் 115200 (நொடிக்கு இத்தனை பிட்), ஹார்டுவேர் ஃப்ளோ கன்ட்ரோல் ஆன். உபுண்டுவில் மோடம்மேனேஜர் சேவையை நிறுத்திவிடுங்கள். யூஎஸ்பி மோடத்தைச் செருகியதும் அது முந்திக்கொண்டு பேச்சுக் கொடுக்கும், நாம் தட்டும் கட்டளைக்கு நடுவில் குப்பை வந்து விழும்.

இப்போது என்னை ஏமாற்றிய 115200. அது போன் லைனின் வேகமே இல்லை. கம்ப்யூட்டருக்கும் மோடத்துக்கும் இடையில் இருக்கும் ஒரு முழம் கேபிளின் வேகம். ராக்வெல், கோனெக்சன்ட் சிப் உள்ள மோடம் என்றால் டயல் செய்யும் முன் ஏடிடபிள்யூ2 என்று தட்டுங்கள் (கட்டளைகளை உச்சரிப்புப்படி எழுதியிருக்கிறேன், தட்டும்போது ஆங்கில எழுத்துதான்). அதன் பிறகு லைன் வேகத்தைக் காட்டும். எனக்கு 31200 வந்தது. யூஎஸ் ரோபோடிக்ஸுக்கு இது தேவையில்லை, அதுவே லைன் வேகத்தைச் சொல்லிவிடும்.

அந்த 31200-உம் இணைந்த நொடியில் ஒப்புக்கொண்ட வேகம்தான். நிஜம் தெரிய ஒரு ஃபைலை அனுப்பிப் பார்க்க வேண்டும். டெக்ஸ்ட் ஃபைல் கூடாது. மோடம் அதைச் சுருக்கி அனுப்பும், வேகம் இரண்டு மூன்று மடங்காகத் தெரியும். 5,00,000 பைட் அளவில் ஒரு ஜிப் ஃபைலை இசட்மோடம் (மோடம் வழியே ஃபைல் அனுப்பும் முறை) மூலம் அனுப்புங்கள். திரையில் ஓடும் 'பிபிஎஸ்' எண்ணைப் பிட் என்று நினைத்து நான் அரைநாள் அழுதேன். அது நொடிக்கு எத்தனை பைட் என்ற கணக்கு, 8-ஆல் பெருக்கிக்கொள்ளுங்கள். 33600-இல் உச்சம் 4200 பைட். 3900-ஐத் தொட்டால் அருமை, ஃபைல் இரண்டு நிமிடம் பத்து நொடிக்குள் போய்ச் சேரும்.

எனக்குச் சேரவில்லை. முக்கால் நிமிடம் ஒழுங்காக ஓடும், பிறகு ஐந்தாறு நொடி அப்படியே நிற்கும், மறுபடி நகரும். இணைப்பைத் துண்டித்துவிட்டு ஏடிஐ6 தட்டினால் ரோபோடிக்ஸ் மோடம் ஒரு பட்டியல் தரும். அதில் 'ரீட்ரெயின்' என்ற வரிக்கு நேராக 7 என்று இருந்தது. அதாவது மோடங்கள் ஏழு முறை பேச்சை நிறுத்திவிட்டு லைனை மறுபடி அளந்து பார்த்திருக்கின்றன.

குற்றவாளி ஏடிஏவின் ஜிட்டர் பஃபர், அதாவது முன்னே பின்னே வரும் ஒலித் துண்டுகளைச் சற்றுத் தேக்கிச் சீராக விடும் இடம். பெட்டி ஒலியை 20 மில்லிநொடித் துண்டுகளாக வெட்டி அனுப்புகிறது. 'அடாப்டிவ்' என்று வைத்தால் நடுவில் ஒரு துண்டைத் தூக்கிப் போடும், அல்லது ஒன்றைக் கூடுதலாக நுழைக்கும். மனிதக் காதுக்கு அது தெரியவே தெரியாது. மோடத்துக்கோ தாளம் தப்பிவிடும். அதனால் பஃபரை 'ஃபிக்ஸ்டு' ஆக்குங்கள். கோடெக் (ஒலியை டிஜிட்டலாக மாற்றும் முறை) ஜி.711 மட்டும். சைலன்ஸ் சப்ரஷன் (மௌனத்தை அனுப்பாமல் விடுவது) ஆஃப். எக்கோ கேன்சலேஷனும் (எதிரொலியை அழிப்பது) ஆஃப். பதில் சொல்லும் மோடம் முதலில் ஊதும் 2100 ஹெர்ட்ஸ் விசில், 450 மில்லிநொடிக்கு ஒருமுறை புரண்டு, 'எக்கோ கேன்சலரே, ஒதுங்கு' என்று சொல்வதற்குத்தான் இருக்கிறது. என் பெட்டி அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை, கையால்தான் அணைத்தேன். அதன் பிறகு ரீட்ரெயின் 0, வேகம் 3840.

பின்சேர்க்கை 1: 'மோடத்தின் அட்டையில் 56கே என்று போட்டிருக்கிறதே, 33600-க்கு மேல் ஏறவில்லையே?' என்று மூன்று பேர் கேட்டுவிட்டீர்கள். ஏறாது. 1998-இல் வந்த வி.90-க்கு (56கே வேகத்துக்கான தரம்) ஒரு முனை நேரடி டிஜிட்டல் லைனில் இருக்க வேண்டும், அந்தக் காலத்தில் இன்டர்நெட் கம்பெனிகளின் பக்கம் அப்படித்தான் இருந்தது. இரண்டு பக்கமும் வீட்டு மோடம் என்றால் அதற்கு முந்தைய வி.34 தரம்தான், அதன் எல்லை 33600.

பின்சேர்க்கை 2: ஒரு நண்பர் தன் வீட்டில் ஒரு பெட்டி, மாமா வீட்டில் ஒரு பெட்டி என்று வைத்து முயன்றார். பஃபரை ஃபிக்ஸ்டு ஆக்கியும் சில நிமிடத்துக்கு ஒருமுறை ரீட்ரெயின். இரண்டு பெட்டிகளின் கடிகாரமும் துளி வித்தியாசத்தில் ஓடும், அந்த வித்தியாசம் சேர்ந்து ஒரு கட்டத்தில் பஃபர் வழிந்துவிடும் அல்லது வற்றிவிடும். என்னுடையது ஒரே பெட்டி, ஒரே கடிகாரம் என்பதால் தப்பித்தேன். மோடத்தை 14400-க்கு இறக்கிப் பார்க்கச் சொன்னேன். 1700 பைட், ஆனால் நிற்காமல் ஓடுகிறதாம். அதுவே போதும் என்கிறார்.