ஆயரிடம் புகார் போனால்: மறைபரப்புக் குரு பதில் எழுதும் முறை

ஆயரில்லத்திலிருந்து, அதாவது உங்கள் மறைமாவட்டத்தின் பிஷப் அலுவலகத்திலிருந்து, "உங்கள் மேல் சில புகார்கள் வந்திருக்கின்றன" என்று தொலைபேசி வந்ததும், பலர் அன்று மாலையே போய் எல்லாவற்றையும் வாய்மொழியாகக் கொட்டிவிடுகிறார்கள். அழைத்தால் போகத்தான் வேண்டும். ஆனால் புகார் என்னவென்று முழுதாகத் தெரியாமல் விளக்கம் சொன்னால், கேட்காத கேள்விக்கும் பதில் சொல்லி மாட்டிக்கொள்வீர்கள். புகாரின் நகலை, அல்லது பெயர் நீக்கிய சுருக்கத்தையாவது எழுத்தில் கேளுங்கள். பதில் தர இரண்டு வாரம் அவகாசமும் கேளுங்கள். ஒருவருடைய உரிமையைப் பாதிக்கும் ஆணை பிறப்பிக்குமுன் இயன்றவரை அவரைக் கேட்க வேண்டும் என்கிறது கத்தோலிக்கத் திருச்சபைச் சட்டத் தொகுப்பின் சட்டம் 50 (கீழே "சட்டம்" என்று எண்ணோடு வருபவை எல்லாம் இந்தத் தொகுப்பில் உள்ளவை). பணிவாக ஒரு வரியில் இதைச் சுட்டிக்காட்டலாம், தவறில்லை.

சிறார் தொடர்பான குற்றச்சாட்டு என்றால் இந்தக் கட்டுரை உங்களுக்கு உதவாது. இந்தியாவில் சிறாரைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டம் தன் வழியில் போகும், திருச்சபை விசாரணை தனியே நடக்கும். உடனே வழக்கறிஞரைப் பாருங்கள். புகார் தந்த குடும்பத்தோடு நேரிலோ, ஆள் வைத்தோ பேசவே கூடாது.

மற்ற புகார்களில் முதல் வேலை, உங்கள் நிலை என்ன என்று பார்ப்பது. நீங்கள் துறவற சபைக் குரு (இயேசு சபை போன்ற ஒரு சபையைச் சேர்ந்தவர்) என்றால் ஆன்மப் பணியில் ஆயருக்குக் கீழும், சபை வாழ்வில் அந்தச் சபையின் மாகாணத் தலைவருக்குக் கீழும் இருக்கிறீர்கள். சட்டம் 682 படி இருவரில் எவரும் மற்றவருக்குத் தெரிவித்துவிட்டு உங்களைப் பொறுப்பிலிருந்து எடுக்கலாம். மற்றவரின் சம்மதம் தேவையில்லை. ஆகவே அன்றைக்கே மாகாணத் தலைவருக்குச் சொல்லிவிடுங்கள். அவர் இதை ஆயர் வாயிலாக முதலில் கேள்விப்பட்டால் உங்களுக்கு ஆதரவாக வாய் திறக்கத் தயங்குவார். சபைக்கும் மறைமாவட்டத்துக்கும் இடையிலான எழுத்து ஒப்பந்தத்தின் நகலையும் வாங்குங்கள். பள்ளிக் கணக்கு யாருடையது, காணிக்கை யாருக்குச் சேரும் என்ற சண்டைகள் பாதி அங்கேயே தீரும். வேறு மறைமாவட்டத்திலிருந்து வந்து பணிபுரியும் மறைமாவட்டக் குருவுக்கும் ஒப்பந்தமே அடிப்படை (சட்டம் 271).

இனி பதில். புகார்க் கடிதத்தில் கோபம், வதந்தி, உண்மை மூன்றும் கலந்து கிடக்கும். ஒரு தாளில் அவற்றைத் தனித்தனிக் கூற்றுகளாகப் பிரித்து எண் போடுங்கள். "சாமியார் சரியில்லை" என்பது கூற்று அல்ல. "ஈஸ்டருக்குப் பிறகு கிளைக்கிராமத்தில் திருப்பலி இல்லை" என்பது கூற்று. உள்ளூர் வழக்கங்களை ஏற்று மதுரையில் மறைபரப்பிய இத்தாலிய இயேசு சபைக் குரு ராபர்ட் தெ நொபிலி செய்தது இதைத்தான். சக இயேசு சபைக் குருவே அவர்மேல் புகார் எழுதியபோது, 1610லும் 1613லும் இலத்தீனில் விளக்கம் எழுதினார். பூணூல், குடுமி, சந்தனம், குளியல் என்று ஒவ்வொன்றாக எடுத்து, அது சமயச் சடங்கா சமூக வழக்கமா என்று நூல் சான்று காட்டிப் பதில் சொன்னார். 1619இல் கோவாவில் கூடிய கூட்டத்தில் பெரும்பான்மை அவருக்கு எதிராகவே நின்றது. 1623 ஜனவரி 31இல் திருத்தந்தை 15ஆம் கிரகோரி நிபந்தனைகளோடு அந்த வழக்கங்களை அனுமதித்தார்.

ஒவ்வொரு கூற்றுக்கும் பதில் நாலைந்து வரிக்குள் நிற்கட்டும். மாதிரிக்கு ஒன்று:

"கூற்று 3: திருவிழா வசூலுக்குக் கணக்கு இல்லை. பதில்: உண்டியல் நிதிக்குழுவினர் மூவர் முன் எண்ணப்பட்டது, கையொப்பமிட்ட தாள் இணைப்பு 5. வங்கியில் கட்டிய சீட்டு இணைப்பு 6. பந்தல்காரருக்குக் கொடுத்த ரூ.18,000க்கு அப்போது ரசீது வாங்கவில்லை. அது என் குறை. இப்போது அவரிடம் பெற்ற கடிதம் இணைப்பு 7."

குறையை ஒப்புக்கொள்ளும் அந்த ஒரு வரியை எடுத்துவிடாதீர்கள். மற்ற பதில்களை ஆயர் நம்புவதற்கு அதுவே காரணமாகும். இணைப்புகளாகத் திருப்பலிக் கருத்துப் பதிவேடு (யாருக்காக, எதற்காகத் திருப்பலி என்று குறிக்கும் ஏடு), ரொக்கப் புத்தகம், வவுச்சர்கள், பங்குப் பேரவைத் தீர்மான நோட்டு, திருமுழுக்கு மற்றும் திருமணப் பதிவேடுகளின் உரிய பக்கங்கள் போதும். நகல்தான் கொடுக்க வேண்டும். மூலம் பங்கிலேயே இருக்கட்டும். விட்டுப்போன பதிவை இப்போது உட்கார்ந்து நிரப்பாதீர்கள். ஒரே மையில், ஒரே கையெழுத்தில் எழுதிய ஆறு மாதக் கணக்கை நிதி அலுவலர் பார்த்தவுடன் கண்டுபிடிப்பார். அதன்பின் உண்மையான பக்கங்களையும் நம்பமாட்டார்.

புகார் தந்தவர் ஏன் எழுதினார் என்று காரணம் கற்பிக்க வேண்டாம். முக்கியமாக, அவரோ வேறு யாரோ ஒப்புரவு அருட்சாதனத்தில் (பாவசங்கீர்த்தனத்தில்) சொன்ன எதையும் உங்களைக் காத்துக்கொள்ளக்கூடப் பயன்படுத்த முடியாது. மறைமுகமான ஒரு குறிப்பும் கூடாது (சட்டம் 983, 984). "அவர் ஏன் இப்படிச் செய்கிறார் என்று எனக்குத் தெரியும், சொல்ல முடியாது" என்று எழுதுவதே ஆபத்தான எல்லை.

காரியம் கெடுவது பெரும்பாலும் ஆலயத்திலும் கைபேசியிலும்தான். மறையுரையில் பதில் சொல்வது, அன்பியங்கள் (பங்கின் சிறு குடும்பக் குழுக்கள்) வழியாக ஆதரவுக் கையெழுத்து திரட்டுவது, வாட்ஸ்அப் குழுவில் விளக்கம் போடுவது எல்லாமே பங்கை இரண்டாக உடைக்கும். பங்குத்தந்தையை நீக்கச் சட்டம் 1741 சொல்லும் காரணங்களில் திருச்சபை ஒன்றிப்புக்குப் பெருங்கேடு செய்யும் நடத்தையும் ஒன்று. முதல் புகார் பொய்யாக இருந்தாலும், இந்தப் பிளவு மெய்யான காரணமாகிவிடும்.

விலகல் கடிதம் கேட்டால் அந்த இடத்திலேயே கையெழுத்திடாதீர்கள். மறைமாவட்டக் குருவான பங்குத்தந்தைக்கு 15 நாள் அவகாசம் உண்டு. மறுத்துக் காரணம் சொன்னால், ஆவணங்களைப் பார்த்து எதிர்ச்சான்றுகளோடு எழுத்தறிக்கை தர ஆயர் அவரை அழைக்க வேண்டும் (சட்டம் 1742 முதல் 1745 வரை). துறவறக் குருவுக்கு இந்தப் படிநிலைகள் இல்லை, அவரை எடுக்க மேலே சொன்ன சட்டம் 682 போதும்.

எழுத்தாணை கைக்கு வந்தால், பெற்ற தேதியை அதன்மேல் எழுதுங்கள். காலக்கெடு அன்றிலிருந்து ஓடும். 10 நாளுக்குள், ஆணையைத் திரும்பப் பெறவோ திருத்தவோ கோரி ஆயருக்கே எழுத வேண்டும் (சட்டம் 1734). இந்தப் படியைத் தாண்டி நேரே உரோமைக்கு, அதாவது வத்திக்கானிலுள்ள மேலிடத்துக்கு, எழுதினால் மனு பெரும்பாலும் நிற்காது. ஆயர் மறுத்தால் மறுப்பு கிடைத்த நாளிலிருந்தும், 30 நாள் பதிலே தராவிட்டால் அந்த முப்பதாம் நாளிலிருந்தும், மேல்முறையீட்டுக்கு 15 நாள். மனுவை ஆயரிடமே கொடுத்தாலும் அவர் அதை உடனே மேலிடத்துக்கு அனுப்பியாக வேண்டும் (சட்டம் 1737). கொடுக்கும்போது ஆயரில்லத்தில் தேதியும் முத்திரையும் இட்ட ஒப்புகைப் பிரதி வாங்கிக்கொள்ளுங்கள்.