வைன் வாங்குறப்ப நாட்டுப் பேர விட லேபிள்ல இருக்கிற ஆல்கஹால் சதவீதத்தப் பாருங்க

சிங்கப்பூர் ஃபேர்பிரைஸ் சூப்பர்மார்க்கெட்ல வைன் எடுக்கிறப்ப பிரான்ஸா ஆஸ்திரேலியாவான்னு முழிக்காம லேபிள்ல திராட்சைப் பேரையும் ஆல்கஹால் சதவீதத்தையும் பாருங்க, ருசி ஓரளவு புரிஞ்சிடும். வெயில் அதிகமான ஊர்ல திராட்சைல சர்க்கரை ஏறும் புளிப்பு குறையும், அந்த சர்க்கரைதான் ஆல்கஹாலா மாறுது, அதனால 14.5% ன்னா கனமா பழவாசனையா இருக்கும், 12.5% ன்னா லேசா புளிப்பா இருக்கும். ஒரே ஆஸ்திரேலியாலயே வெயிலான பரோசா பகுதியோட ஷிராஸ் திராட்சை வைன் வேற, குளிரான டாஸ்மேனியா வைன் வேற, அப்புறம் நாட்டுப் பேர வச்சு என்ன பண்றது!

இங்க சிங்கப்பூர்ல வரியும் வைன்ல இருக்கிற ஆல்கஹாலுக்குத்தான், சுத்த ஆல்கஹால் லிட்டருக்கு 88 வெள்ளி, 750 மில்லி பாட்டிலுக்கு 12.5% ன்னா 8.25, 14.5% ன்னா 9.57.

போர்ட், ஷெர்ரி மாதிரி வைனுக்கு, சதவீதத்த வச்சு ருசி சொல்ற இந்த வழி ஒத்துவராது, அதுல தனியா ஸ்பிரிட் (காய்ச்சி வடிச்ச மது) சேர்ப்பாங்க. மொஸ்காட்டோ மாதிரி இனிப்பு வைனுக்கும் ஒத்துவராது, சர்க்கரை முழுசா ஆல்கஹாலா மாறுறதுக்குள்ள நொதிக்கிறத நிறுத்திடுவாங்க.