‘அப்பா’ என்ற சொல்லில் தடுக்கி விழாதீர்கள்

பாளையங்கோட்டையில் ஒரு துக்க வீடு. பெரியவர் ஒருவர் “அப்பா பிதாவே” என்று ஜெபத்தைத் தொடங்கியதும், பக்கத்திலிருந்த இளைஞர் என் காதருகே குனிந்தார். “பார்த்தீர்களா அண்ணாச்சி, இயேசுவே தமிழில்தான் கூப்பிட்டிருக்கிறார்!”

பலரும் நம்பும் தவறு இது. மாற்கு 14:36-இல் வரும் ‘அப்பா’, இயேசு பேசிய அரமேய மொழியின் சொல். புதிய ஏற்பாட்டில் அது மூன்றே இடங்களில் வருகிறது. மூன்றிலும் கிரேக்க மூலம் அந்தச் சொல்லை அப்படியே வைத்து, ‘தந்தை’ என்ற பொருளையும் அருகிலேயே தருகிறது. ‘அப்பா பிதாவே’ என்ற இரட்டைச் சொல் அப்படி வந்ததுதான். அரமேயத்தின் பகரம் ‘அம்பு’ என்பதில் வரும் பகரம்போல ஒலிக்கும். தமிழில் இரண்டு ஓசைக்கும் ஒரே எழுத்து. ஏமாற்றம் அங்கே தொடங்குகிறது. அது வெறும் மழலைச் சொல் என்பதும் சரியல்ல. வளர்ந்த பிள்ளைகளும் தந்தையை அப்படித்தான் அழைத்தார்கள்.

பிறகு எப்படி இந்த ஒற்றுமை? பல் முளைக்காத பிள்ளைக்கு முதலில் வசப்படுவது உதடு ஒட்டும் பகரமும் மகரமும். அந்த ஓசைகளைப் பெற்றோர் தங்கள் பெயராக எடுத்துக்கொள்கிறார்கள். மொழியியலாளர் ரோமன் யாக்கப்சன் 1960-இல் வெளியான கட்டுரையில் இதை விளக்கினார். ஆகவே ஓசையை மட்டும் வைத்து உறவு சொல்லாதீர்கள். உண்மையான உறவு பல நேரம் ஓசையில் தெரிவதே இல்லை: வடமொழி ‘பிதா’வும் ஆங்கில ‘ஃபாத’ரும் ஒரே வேர். ரோமரின் ‘ஜூபிட’ரும் ரிக் வேதத்தின் ‘த்யௌஸ் பிதா’வும் ஒரே வானத்தந்தை.

‘என் எந்தை’ என்று மேடையில் முழங்குகிறவர்களைக் கேட்கும்போது மனம் நோகிறது. எந்தை என்றாலே என் தந்தை. நுந்தை உன் தந்தை. “எந்தையும் நுந்தையும் எம்முறைக் கேளிர்” என்ற குறுந்தொகை வரி போதாதா?

நெல்லையப்பர் என்பதில் உள்ள அப்பரைத் திருநாவுக்கரசரோடு குழப்பவும் வேண்டாம். அவரைச் சம்பந்தர் ‘அப்பரே’ என்றழைத்ததால் அந்தப் பெயர் நின்றது. இங்கே அப்பர் ஊருக்கே தந்தையான சிவன்.

கடைசியாக, எங்கள் பக்கத்து ‘ஐயா’. அதை வெறும் மரியாதைச் சொல்லாக ஒதுக்கிவிடுகிறார்கள். பெற்ற தகப்பனை ஐயா என்று கூப்பிடும் வீடுகள் நெல்லைச் சீமையில் இன்றும் உண்டு. அய்யாவழி என்ற நெறியைத் தந்த அய்யா வைகுண்டரை வணங்குவோர் ஒருவரையொருவர் பார்த்ததும் “அய்யா உண்டு” என்கிறார்கள். தகப்பன் இருக்கிறார் என்ற தைரியம் அந்த இரண்டு சொற்களில் இருக்கிறது.