இல்மெனாவ் குளிரும் சுவர்ப் பூஞ்சையும்

ஜெர்மனியில் துரிங்கியா காட்டோரம் இருக்கும் சின்ன ஊர் இல்மெனாவ். அங்கே குடிபோன எனக்கு ஞாயிறு கடையடைப்பு, ராத்திரி 10 மணிக்கு மேல் சத்தம் கூடாது என்பதெல்லாம் சீக்கிரம் பழகிவிட்டது. மல்லுக்கட்ட வைத்தது அலமாரிக்குப் பின்னால் படர்ந்த கறுப்புப் பூஞ்சைதான்.

சோற்று ஆவி, இட்லிப் பானை, உள்ளேயே காயும் துணி, குளிருக்குப் பயந்து சாத்திய ஜன்னல். ஈரம் எங்கே போகும்? குளிர்ந்த வெளிச்சுவரில் போய்த் தண்ணீராகப் படியும். மேல்வீட்டுப் பாட்டி வந்து பார்த்தார். ஒன்றும் பேசாமல் ஜன்னல்களை ஆவென்று திறந்துவிட்டார்.

அங்கே இதை 'ஷ்டோஸ்லூஃப்டன்' என்பார்கள். காலையும் மாலையும் ஹீட்டரை அணைத்துவிட்டு, எதிரெதிர் ஜன்னல்களை முழுசாகத் திறந்து 5 நிமிடம் வைக்கவேண்டும். ஜன்னலைச் சாய்த்து நாள் முழுக்க விடுவது வேலைக்காகாது. சுவர்தான் குளிரும், ஹீட்டருக்குக் காசு வேறு தண்டம்.

அலமாரியைச் சுவரிலிருந்து 10 செ.மீ. நகர்த்தினேன். முகமூடி போட்டுக்கொண்டு, 70 சதவீத ஆல்கஹாலில் துணியை நனைத்துக் கறையைத் துடைத்தேன் (அடுப்பு பக்கத்தில் எரியக்கூடாது). வீட்டுக்காரருக்கும் படத்தோடு எழுதிப் போட்டேன், வாய்வார்த்தை அங்கே எடுபடாது. மேஜைமேல் ஈரப்பதமானி ஒன்று உட்கார்ந்திருக்கிறது. 60 சதவீதத்தைத் தாண்டினால் ஜன்னலைத் திறந்துவிடுவேன். இட்லி வேகும்போது மட்டும், ஆவி மற்ற அறைகளுக்குப் பரவாமலிருக்க, முதலில் சமையலறைக் கதவைச் சாத்திக்கொள்வேன்.