குடியை விட்டு வந்தவருக்குச் சாயங்காலம்தான் கண்டம்

குடிநோய்க்கு மையத்தில் தங்கி சிகிச்சை முடித்து ஒருவர் வீட்டுக்கு வந்தால், முதல் வாரம் சொந்தக்காரர்கள் எல்லோரும் வந்து பார்த்துவிட்டு, "இனிமே தொடாதப்பா" என்று சொல்லிவிட்டுப் போவார்கள். எட்டாம் நாள் யாரும் இருக்க மாட்டார்கள். அந்த எட்டாம் நாளுக்காகத்தான் இதை எழுதுகிறேன். என் தம்பி பெயிண்டர், அப்படிச் சிகிச்சை முடித்து வந்தவன். நாங்கள் பாதி தப்பாகச் செய்துதான் கற்றுக்கொண்டோம்.

டாஸ்மாக் பகல் பன்னிரண்டுக்குத் திறந்து இரவு பத்துக்கு மூடுகிறது. ஆனால் வேலை விட்டதும் குடித்தே பழகிய உடம்புக்கு ஆறு மணிதான் கணக்கு. தம்பி அந்நேரத்துக்குத் திண்ணையில் உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டே இருப்பான், என்ன கேட்டாலும் எரிந்து விழுவான். அதில் பாதி பசி என்று புரியவே எங்களுக்கு மூன்று வாரம் ஆனது. மதியம் ஒரு மணிக்குச் சாப்பிட்டவனுக்கு ராத்திரி ஒன்பதுக்குச் சோறு போட்டால், நடுவில் வயிற்றைக் கிள்ளுவது பசியா குடி ஆசையா என்று அவனுக்கே தெரியாது. ஆறு மணிக்கே தட்டு வைத்தோம். சட்டைப் பையில் எப்போதும் நாலு கடலை மிட்டாய். சாப்பிட்டதும் அம்மா ஒரு முறம் சின்ன வெங்காயத்தை முன்னால் வைத்துவிடுவார், பேசாமல் உரிப்பான். வேலைக்குப் போய்வரும் வழியையும் மாற்றச் சொல்லுங்கள், ஒரு கிலோமீட்டர் சுற்றினாலும் பரவாயில்லை.

வாரத்தில் சில சாயங்காலங்களை ஏஏ கூட்டத்துக்கு ஒதுக்கிவிடலாம். ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், குடியை விட நினைக்கிறவர்கள் ஒன்றுகூடித் தங்கள் கதையைப் பேசும் அமைப்பு, 1935-ல் அமெரிக்காவில் இரண்டு குடிநோயாளிகள் ஆரம்பித்தது. கட்டணம் கிடையாது, முழுப்பெயர் சொல்ல வேண்டியதில்லை. நாம் பத்து வருஷம் சொல்லி ஏறாதது, குடித்துக் கெட்டு மீண்ட இன்னொருவர் சொன்னால் ஏறுகிறது. எனக்குக் கொஞ்சம் பொறாமைகூட வந்தது. குடும்பத்தாருக்கென்று அல்-அனான் தனியாக இருக்கிறது.

அடுத்தது பணம். சனிக்கிழமை கூலி கையில் வரும் நேரம் மோசமான நேரம், கூட வேலை செய்கிறவர்கள் அங்கேயே செட்டு சேர்வார்கள். நாங்கள் முதலில் பர்ஸையே பிடுங்கி வைத்துக்கொண்டோம். டீக்குப் பதினைந்து ரூபாய்க்குப் பொண்டாட்டியிடம் கையேந்த வைத்தால் எந்த ஆம்பளைக்கும் ரோஷம் வரும், அந்த ரோஷமே குடிக்க ஒரு சாக்கு. அப்புறம் அவனையே உட்காரவைத்துப் பேசி, மேஸ்திரியிடம் சொல்லி, கூலி பேங்கில் விழுகிற மாதிரி செய்தோம். கரண்ட் பில் கட்டுவது அவன் பொறுப்பு. முதல் தடவை ரசீதைக் கொண்டுவந்து யாரும் கேட்காமலே டிவி மேல் வைத்தான். பழைய கடன்காரர்கள் வந்தால் "மாசம் இவ்வளவு" என்று குடியை விட்டவரையே பேசவிடுங்கள்.

ஒன்றை மட்டும் செய்யவே செய்யாதீர்கள்: வீட்டுக்குள் நுழைந்ததும் "வாயை ஊது" என்பது. நானே செய்திருக்கிறேன், அவன் பிள்ளைகள் எதிரில்.

மாத்திரை விஷயம். சிலருக்கு டாக்டர் டைசல்ஃபிரம் கொடுத்திருப்பார். அதைச் சாப்பிட்டுக்கொண்டே குடித்தால் முகம் சிவந்து, வாந்தி, படபடப்பு என்று உயிருக்கே ஆபத்தாகலாம், நிறுத்திய பிறகும் இரண்டு வாரம் வரை அந்த வேலை உடம்பில் இருக்கும். அதனால் அவருக்குத் தெரியாமல் குழம்பில் பொடித்துப் போடும் யோசனையை யார் சொன்னாலும் கேட்காதீர்கள். இருமல் டானிக், அரிஷ்டம் எல்லாம் டாக்டரைக் கேட்காமல் வேண்டாம், பலவற்றில் ஆல்கஹால் உண்டு.

சறுக்கினால்? பலர் சறுக்குகிறார்கள். அன்று ராத்திரி சண்டை போட்டுப் பிரயோஜனமில்லை, போதையில் சொன்னது எதுவும் நிற்காது. காலையில் பேசுங்கள், எங்கே, யாரோடு, அதற்கு முன்னால் என்ன நடந்தது என்று. நாலைந்து நாள் தொடர்ந்து குடித்துவிட்டு திடீரென்று நிறுத்தி, கை நடுக்கம், வலிப்பு, சம்பந்தமில்லாத பேச்சு என்று வந்தால் வீட்டில் வைத்துப் பார்க்காமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். யாரைக் கேட்பது என்று தெரியாவிட்டால் 14446, போதை மீட்புக்கான இலவச உதவி எண்.

தம்பி சறுக்கியது ஏழாவது மாசம், ஒரு சாவு வீட்டில். மறுநாள் காலை முகத்தைக் காட்டாமல் சுவர் பக்கம் திரும்பிப் படுத்திருந்தான். "எந்திரி, சட்டையைப் போடு, போலாம்" என்றேன். எங்கே என்று அவன் கேட்கவில்லை. டவுன் பஸ்ஸில் இரண்டு டிக்கெட் எடுத்தேன், மையம் வரைக்கும் ஜன்னல் பக்கம் அவன்தான் உட்கார்ந்திருந்தான்.