லியர் அரசன்: பைத்தியம் யாருக்கு, பாசாங்கு யாருடையது?

ஷேக்ஸ்பியரின் 'கிங் லியர்', மூன்றாம் அங்கம், நான்காம் காட்சி. வெட்டவெளியில் புயலும் மழையும். ஒரு குடிசை வாசலில் மூன்று பேர் பிதற்றிக்கொண்டிருக்கிறார்கள். ஒருவர் எண்பதைத் தாண்டிய அரசர். நிஜமாகவே புத்தி பேதலித்துக்கொண்டிருக்கிறார். இன்னொருவன் குளோஸ்டர் பிரபுவின் மகன் எட்கர், உயிருக்குப் பயந்து பைத்தியக்காரப் பிச்சைக்காரன் வேஷம் போட்டவன். மூன்றாவது ஆள் விதூஷகன். பிதற்றுவதே அவனுக்கு உத்தியோகம். மூன்று பேரையும் ஒரே மூட்டையில் கட்டி, 'லியரில் பைத்தியம்' என்று தலைப்புப் போட்டு எழுதுவதுதான் முதல் தவறு. மற்றவை பெரும்பாலும் அதிலிருந்து கிளைப்பவை.

விதூஷகனை முதலில் கணக்கிலிருந்து எடுத்துவிடலாம். அவன் தெளிவாகத்தான் இருக்கிறான். அரசரையே முட்டாள் என்று முகத்துக்கு நேரே சொல்ல அனுமதி உண்டு. எல்லை மீறினால் சவுக்கு விழும் என்பதும் தெரியும். 1681இல் நாடகத்தைத் திருத்தி எழுதிய நாஹம் டேட், இந்தப் பாத்திரத்தையே தூக்கிவிட்டார். 1838இல் நடிகர் மக்ரீடி மேடையேற்றியபோதுதான் லண்டன் ரசிகர்களுக்கு அவன் திரும்பக் கிடைத்தான்.

அடுத்து, லியருக்குப் பைத்தியம் எப்போது பிடித்தது? முதல் காட்சியிலேயே என்று எழுதுபவர்கள் உண்டு. லியருக்குப் பைத்தியம் என்றால் தானும் மரியாதை தவறத்தான் செய்வேன் என்று அவருடைய விசுவாசமான பிரபு கென்ட் வெடிப்பதை ஆதாரமாகக் காட்டுவார்கள். அது கோபத்தில் வாயில் வரும் வார்த்தை, வைத்தியர் சான்றிதழ் அல்ல. மகள்களின் பாசத்தைப் பேச்சால் அளந்து நாட்டைப் பங்கு போட்டது முன்கோபமும் அதிகாரத் திமிரும். அவர் தன்னைப் பற்றி என்றைக்குமே சரியாகத் தெரிந்துவைத்திருந்ததில்லை என்று மகள் ரீகனே சொல்கிறாள். முதலிலேயே பைத்தியம் என்று வைத்துக்கொண்டால் கடைசி மகள் கார்டீலியாவை விரட்டியதற்கு அவரைக் குற்றம் சொல்லவே முடியாது. பிறகு துன்பியலுக்கு அங்கே என்ன வேலை?

அது படிப்படியாக வருகிறது. முதல் அங்கத்தின் கடைசியில், 'என்னைப் பைத்தியமாக்கிவிடாதே' என்று வானத்தைக் கெஞ்சுகிறார். மூன்றாம் அங்கத்தில், புத்தி பேதலிக்க ஆரம்பிக்கிறது என்று அவரே சொல்லிவிட்டு, அடுத்த மூச்சில் விதூஷகனைப் பார்த்துக் குளிர்கிறதா என்று கேட்கிறார். இதுவரை கரை தாண்டவில்லை. தாண்டுவது எட்கர் குடிசையிலிருந்து வெளியே வரும்போது. இடுப்பில் ஒரு போர்வைத் துண்டைத் தவிர உடம்பில் வேறெதுவும் இல்லாத அவனைப் பார்த்து லியர் கேட்கிறார்: "எல்லாவற்றையும் உன் மகள்களுக்குக் கொடுத்துவிட்டாயா? அதனால்தான் இந்தக் கதிக்கு வந்தாயா?" அவனுக்கு மகள்களே இல்லை என்று கென்ட் சொல்லிப் பார்க்கிறான். "துரோகி, செத்தாய்!" என்று அவன்மேலேயே பாய்கிறார். சற்று நேரத்தில் தன் ஆடைகளைக் கிழித்தெறியப் போகிறார். பொய்ப் பைத்தியத்தைப் பார்த்த பிறகுதான் நிஜப் பைத்தியம் முழுதாக வெளியே வருகிறது. இந்த வரிசையைக் கவனிக்காமல் எழுதப்படும் கட்டுரைகளே அதிகம்.

எட்கரின் பிதற்றலில் இரண்டு விதமாக வழுக்கி விழலாம். வெறும் உளறல் என்று தாண்டிப்போவது ஒன்று. வரிக்கு வரி மறைபொருள் தேடுவது இன்னொன்று. அவன் பார்த்துப் பழகிய மாதிரி ஒன்று இருந்தது. லண்டனின் பெட்லம் பைத்தியக்கார விடுதியிலிருந்து வந்தவர்கள் என்று சொல்லி, கைகளில் ஊசியும் முள்ளும் குத்திக்கொண்டு ஊர் ஊராகப் பிச்சை எடுத்தவர்கள். வேஷம் போடுமுன் எட்கரே அந்தப் பட்டியலைச் சொல்கிறான்: முகத்தில் அழுக்கு, சிக்குப் பிடித்த முடி, கையில் ஆணி. அவன் அலறலில் வரும் பேய்களின் பெயர்களோ 1603இல் சாமுவேல் ஹார்ஸ்னெட் எழுதிய புத்தகத்திலிருந்து வந்தவை. அது பேயோட்டும் பித்தலாட்டத்தை அம்பலப்படுத்திய புத்தகம். பொய்ப் பைத்தியத்துக்குப் பொய்ப் பேய்களையே பிடித்துக் கொடுத்திருக்கிறார் ஷேக்ஸ்பியர். கில்லாடிதான்.

காதுக்கு மட்டும் கேட்டால் இருவரில் எட்கர்தான் முற்றிய கேஸ் மாதிரித் தெரிவான். சத்தம் அவனிடம்தான் அதிகம். சத்தத்தை வைத்து முடிவு கட்டாமல், பேச்சு யாருக்காக என்று பாருங்கள். எட்கரின் பைத்தியம் எதிரில் இருப்பவர்களுக்காக. மூன்றாம் அங்கத்தின் ஆறாம் காட்சியில், அரசருக்காக வரும் கண்ணீர் தன் நடிப்பைக் கெடுக்கிறதே என்று ஒதுங்கி முணுமுணுக்கிறான். பிறகு, உன் குரலும் பேச்சும் மாறிவிட்டதே என்று கண் இழந்த தந்தை குளோஸ்டரே கண்டுபிடிக்கிறார். உடுப்பைத் தவிர எதுவும் மாறவில்லை என்று எட்கர் சமாளிக்கிறான். லியருக்கு அப்படி ஒதுங்கிப் பேச இடமே இல்லை. எங்கே தொடங்கினாலும் மகள்களிடமும் நீதியிடமும் போய் முட்டுகிறார். ஒரு முக்காலியை மூத்த மகள் கானரில் என்று நிறுத்தி விசாரணை நடத்துவது அப்படித்தான். (இந்த விசாரணை 1608 பதிப்பில் உண்டு, 1623 பதிப்பில் இல்லை. கையில் இருப்பது எது என்று பார்த்துவிட்டு எழுதுவது நல்லது.)

'பைத்தியத்துக்குள் ஓர் அறிவு' என்று எட்கர் சொல்லும் வரியைப் பிடித்துக்கொண்டு லியரை ஞானியாக்கிவிடுவதும் உண்டு. நான்காம் அங்கத்தில் காட்டுப்பூ சூடி வரும் அவர், குளோஸ்டரை அடையாளம் கண்டு, பிறந்ததும் நாம் அழுவது முட்டாள்களின் மேடைக்கு வந்து சேர்ந்தோமே என்றுதான் என்கிறார். மேற்கோளாக எல்லோரும் எடுப்பது இது. ஆனால் அதே மூச்சில் குதிரைகளின் குளம்புக்குக் கம்பளி கட்டி மருமகன்கள்மேல் ஓசையில்லாமல் பாயத் திட்டம் போடுகிறார். பிறகு 'கொல்லு, கொல்லு' என்று ஆறு முறை. முதல் பாதியை மட்டும் கத்தரித்தால் கிடைப்பவர் லியர் அல்ல. இன்றைய நோய்ப் பெயர்களை ஒட்டுவதாலும் பெரிய லாபமில்லை. பெயர் வைத்ததும் வாசிப்பு நின்றுவிடுகிறது.

தெளிவதையும் கவனமாகப் படிக்க வேண்டும். பைத்தியம் தெளிந்துவிட்டது, உலக்கையைக் கொண்டா கோவணம் கட்டிக்கொள்கிறேன் என்றானாம் ஒருவன். லியர் தெளிவது அந்த மாதிரி இல்லை. தூங்கி எழுந்தவர் ஊசியால் குத்திப் பார்க்கிறார், கார்டீலியாவின் கண்ணீர் ஈரமா என்று தொட்டுப் பார்க்கிறார், 'எனக்குப் புத்தி சரியாக இல்லையோ என்று பயமாக இருக்கிறது' என்கிறார். அந்தச் சந்தேகம்தான் தெளிவின் அடையாளம். கடைசி வரை அவர் பைத்தியமாகவே இருந்தார் என்று எழுதினால் இந்தக் காட்சி வீண்.

பாசாங்கு யாருக்கும் கெடுதல் செய்யாது என்ற நினைப்பு இன்னொன்று. எட்கருக்கு வேஷத்தைக் கலைக்க எத்தனையோ சந்தர்ப்பங்கள் இருந்தன. கண்ணில்லாத தந்தையின் கையைப் பிடித்து நடத்திக்கொண்டே, நான் உன் மகன் என்று சொல்லாமல் இருக்கிறான். ஆள் மாற்றி ஆள் வேஷம் மாற்றுகிறான். கடைசியில், சண்டைக்குக் கவசம் அணிந்த பிறகுதான் சொல்கிறான். சந்தோஷத்துக்கும் துக்கத்துக்கும் நடுவே குளோஸ்டரின் இதயம் வெடித்துவிடுகிறது. அவ்வளவு நாள் மறைத்தது தன் தப்பு என்று எட்கரே ஒப்புக்கொள்கிறான். மேடைக்கு வெளியே நடந்ததை அவன் சில வரிகளில் சொல்லி முடித்துவிடுவதால், தேர்வு நோட்ஸ்களில் பெரும்பாலும் இது விடுபட்டுப்போகிறது.