‘அகழ்’ என்னும் சொல்லின் வேரைத் தேடும் முறை

கிணறு தோண்டுகிறோம், குழி வெட்டுகிறோம், மண்ணைக் கிண்டுகிறோம். ‘அகழ்கிறோம்’ என்று இன்று பேச்சில் யாரும் சொல்வதில்லை. எனினும் அகழி, அகழாய்வு என்னும் பெயர்ச்சொற்களில் அவ்வினை இன்றும் உயிரோடிருப்பதால், வேர் தேடிப் பழகுவதற்கு அது மிகவும் ஏற்றது.

முதலில் பழைய ஆட்சியை, அதாவது பழைய நூல்களில் அச்சொல் வழங்கிய விதத்தை, பார்க்க வேண்டும். ‘அகழ்வாரைத் தாங்கும் நிலம்போல’ என்று தொடங்கும் 151-ஆம் குறளில் ‘அகழ்வார்’ என்பது தோண்டுபவரைக் குறிக்கிறது. அதே நூலின் 396-ஆம் குறள், மணற்கேணியைத் தோண்டுவதற்குத் ‘தொடு’ என்னும் வினையை ஆள்கிறது. ஆகவே ஒரு சொல்லைத் தனியே எடுக்காமல், அதே செயலைக் குறிக்கும் பிற சொற்களையும் உடன் திரட்டிக்கொள்ள வேண்டும். புறநானூற்றின் 6-ஆம் பாட்டில் வரும் ‘தொடுகடல்’ என்பதற்குச் சகரரால் (புராணங்கள் கூறும் சகர மன்னனின் மைந்தரால்) தோண்டப்பட்ட கடல் என்று பழைய உரை பொருள் கூறுவது, இவ்வாறு திரட்டும்போதுதான் விளங்கும். சொற்களைப் பிரிப்பதிலும் கவனம் தேவை: ‘அகழ்வாராய்ச்சி’ என்பது அகழ்வு, ஆராய்ச்சி என்று பிரியுமேயன்றி, அதில் குறளின் ‘அகழ்வார்’ இல்லை.

அடுத்து, 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வெளிவந்த சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதியையும், பர்ரோ, எமனோ ஆகிய இருவரும் தொகுத்து 1961-இல் வெளியிட்டு 1984-இல் திருத்திய திராவிடச் சொற்பிறப்பியல் அகராதியையும் ஒப்பிடுக. கன்னடத்தில் ‘அகளு’ என்பதும் தெலுங்கில் ‘அகட்த’ என்பதும் அகழியைக் குறிக்கின்றன.

முடிவை உறுதிப்படுத்துவது ஒலி முறையே. தமிழின் ஏழு, கோழி ஆகியவை கன்னடத்தில் ஏளு, கோளி என்றும், தெலுங்கில் ஏடு, கோடி என்றும் ஒலிக்கின்றன. தமிழில் ழகரம் நிற்கும் இடத்தில் கன்னடத்தில் ளகரமும் தெலுங்கில் டகரமும் நிற்கும் இந்த ஒழுங்கு ‘அகழ்’ என்பதிலும் அப்படியே அமைவதால், மூன்றும் ஒரே வேரின என்று துணிந்து கூறலாம். ‘அகழ்’ என்பதில் ‘அகம்’ தெரிகிறது, தோண்டுவதும் உள்ளே செல்வதுதானே என்று கருதி அவ்விரண்டையும் இணைப்பது கேட்க இனிமையானது. ஆனால் எழுத்து ஒத்திருப்பதும் பொருள் பொருந்துவதுபோல் தோன்றுவதும் சான்றாகமாட்டா என்பதே என் உறுதியான கருத்து.

இம்முறையைத் ‘தோண்டு’ என்பதிலும் செய்து பாருங்கள். கன்னடத்தில் ‘தோடு’ என்பது மண்ணைத் தோண்டுவதைக் குறிக்க, தெலுங்கில் அவ்வொலியுள்ள வினை கிணற்றிலிருந்து நீரை முகந்தெடுப்பதைக் குறிக்கிறது. இங்கே ஒலியைவிடப் பொருள் நகர்ந்த வழியைத்தான் ஆட்சிகளைக் கொண்டு காட்ட வேண்டியிருக்கும்.